"அப்புறம் மெமரி ஏற்றிக்கலாம்" என்கிறார் விற்பவர், நம்பலாமா?

கேள்வி: மகளின் கல்லூரிப் படிப்புக்கு லேப்டாப் வாங்க வேண்டும். நான்கைந்து வருடமாவது ஓட வேண்டும். இரண்டு பார்த்து வைத்திருக்கிறோம். ஒன்று மெல்லியது, எடை குறைவு. 8 ஜிபி எல்பிடிடிஆர்5 மெமரி (ராம்), சேமிப்புக்கு 512 ஜிபி எஸ்எஸ்டி. மற்றது கொஞ்சம் தடிமன்; 8 ஜிபி டிடிஆர்5, அதே 512 எஸ்எஸ்டி. மகளுக்குப் பிடித்தது முதலாவது. "இப்போதைக்கு 8 போதும், தேவைப்பட்டால் அப்புறம் 16 ஆக்கிக்கலாம்" என்கிறார் விற்பவர். நம்பி வாங்கலாமா? வீட்டில் இருக்கும் பழைய லேப்டாப்பின் 4 ஜிபி ராமைக் கழற்றி இதில் போட முடியுமா?

பதில்: முதலாவதை அந்த 8 ஜிபியோடு வாங்காதீர்கள். விற்பவர் சொல்லும் "அப்புறம்" அந்த மாடலுக்கு வரவே வராது.

நீங்கள் எழுதிய விவரத்திலேயே பதில் இருக்கிறது. மெமரி வகையைச் சொல்லும் டிடிஆருக்கு முன்னால் "எல்பி" என்று ஒட்டிக்கொண்டிருந்தால், மெமரி சிப்புகளை மதர்போர்டிலேயே சால்டர் செய்துவிட்டார்கள், அதாவது பற்றவைத்து ஒட்டிவிட்டார்கள் என்று எடுத்துக்கொள்ளுங்கள். கழற்ற முடியாது, கூட்டவும் முடியாது. வாங்குகிற அன்று எவ்வளவு இருக்கிறதோ, அதுதான் அந்த லேப்டாப்பின் கடைசி நாள் வரைக்கும். கழற்றி மாட்டக்கூடிய எல்பி வகை மெமரியும் 2024 முதல் ஒன்றிரண்டு உயர்விலை மாடல்களில் வந்திருக்கிறது. நீங்கள் பார்க்கிற ரகத்தில் அதைத் தேடி அலைய வேண்டாம்.

இப்படிச் சால்டர் செய்வதற்கு நியாயமான காரணமும் உண்டு. எல்பி வகை குறைந்த மின்சாரத்தில் ஓடும், பேட்டரி கூடுதல் நேரம் நிற்கும், இடம் குறைவாகப் பிடிக்கும். பிராசசருக்குப் பக்கத்திலேயே ஒட்டியிருப்பதால் வேகமும் நன்றாக இருக்கும். ஆப்பிள் 2020 இல் எம்1 பிராசசரைக் கொண்டுவந்தது முதல் மெமரியைப் பிராசசரோடு ஒரே பொட்டலமாக வைத்துவிட்டது. இன்டெலும் 2024 இல் கோர் அல்ட்ரா 200வி வரிசையில் அப்படியே செய்தது. அதில் 16 அல்லது 32, இரண்டில் ஒன்றை வாங்கும்போதே முடிவு செய்ய வேண்டும். ஆகவே சால்டர் செய்ததே மோசம் என்று நான் சொல்லவில்லை. சால்டர் செய்த 8 ஜிபிதான் மோசம். அதே மெல்லிய மாடல் 16 ஜிபியோடு கிடைத்தால், மகளுக்குப் பிடித்ததையே வாங்கிக் கொடுங்கள்.

8 ஏன் போதாது என்று கேட்பீர்கள். விண்டோஸ் 11க்கு மைக்ரோசாஃப்ட் எழுதி வைத்திருக்கும் குறைந்தபட்ச அளவு 4 ஜிபி. அந்த 4 ஜிபியில் அது எப்படி ஓடும் என்று எழுதியவர்கள் உட்கார்ந்து பார்த்ததாகத் தெரியவில்லை. எதையும் திறக்காமல் இருக்கும்போதே விண்டோஸ் 3 ஜிபிக்குக் குறையாமல் எடுத்துக்கொள்ளும். பிரௌசரில் பத்து டேப், ஒரு வீடியோ வகுப்பு, பின்னணியில் ஆன்டிவைரஸ் என்று சேர்ந்தால் 8 நிரம்பிவிடும். நிரம்பிய பிறகு மிச்சத்தை எஸ்எஸ்டியில் எழுதி எழுதி எடுக்கும். அந்த நேரத்தில்தான் லேப்டாப் "ஹேங்" ஆகிறது என்கிறோம். அதே மைக்ரோசாஃப்ட், ஏஐ வசதியுள்ள லேப்டாப்புகளுக்குக் கோபைலட் பிளஸ் என்ற முத்திரை தருவதற்கு 16 ஜிபி கேட்கிறது. ஆப்பிளும் 2024 அக்டோபரில் மேக்புக் ஏரின் ஆரம்ப அளவை 16 ஆக்கிவிட்டது. நான்கைந்து வருடம் ஓட வேண்டிய இயந்திரத்துக்கு 16 தான் ஆரம்பம். மகள் படிப்பது வீடியோ எடிட்டிங், அனிமேஷன், ஆண்ட்ராய்டு செயலி எழுதுவது போன்றதாக இருந்தால் 32 க்கு இடம் இருக்கிறதா என்று பாருங்கள்.

இனி இரண்டாவது லேப்டாப். அதில் "எல்பி" இல்லை, வெறும் டிடிஆர்5. மெமரியைக் கழற்றி மாட்டுவதற்கான ஸ்லாட் இருக்க வாய்ப்பு அதிகம். இருந்தாலும் கடைக்காரர் தலையாட்டினார் என்பதற்காக நம்பிவிடாதீர்கள். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு ஸ்லாட் உள்ளது ஒரு வகை. ஒன்றில் 8 ஜிபி ஸ்டிக் (கழற்றி மாட்டும் மெமரிப் பட்டை), மற்றது காலி. இன்னொரு 8 வாங்கி மாட்டினால் வேலை முடிந்தது. தொல்லை எல்லாம் பாதி சால்டர், பாதி ஸ்லாட் என்று வருகிற ரகத்தில்தான். விளம்பரத்தில் இதற்கும் "8 ஜிபி, மெமரி விரிவாக்க வசதி உண்டு" என்றுதான் போடுவார்கள். உள்ளே மூன்று விதமாக இருக்கலாம். 8 ஜிபியும் போர்டில் ஒட்டியிருக்கும், ஒரு ஸ்லாட் காலியாக இருக்கும்: நல்லது, ஒரு 8 போட்டால் 16. அல்லது 4 போர்டில், 4 ஸ்லாட்டில் இருக்கும்: 16 ஆக்க வேண்டுமென்றால் ஸ்லாட்டில் இருக்கும் 4 ஐக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு 16 ஜிபி ஸ்டிக் ஒன்று வாங்க வேண்டும். மொத்தம் 20 வரும், செலவும் அதற்கேற்பத்தான். மூன்றாவதுதான் கொடுமை. போர்டில் ஸ்லாட்டுக்கான இடம் இருக்கும், ஸ்லாட் இருக்காது. விலை குறைந்த பதிப்பு என்பதற்காக அந்தச் சின்னக் கனெக்டரை மட்டும் பொருத்தாமல் அனுப்பிவிடுவார்கள். மூடியைத் திறந்தால் வரிசையாகச் சால்டர் புள்ளிகள்தான் தெரியும். ஒருவர் புது ராம் ஸ்டிக்கைக் கையோடு வாங்கிக்கொண்டு என்னிடம் வந்து, இந்தப் புள்ளிகளைப் பார்த்து நின்றது இன்னும் கண்ணில் நிற்கிறது. அவருக்கு விற்றவர் சொன்னது பொய்கூட இல்லை. அதே பெயருள்ள வேறு பதிப்பில் ஸ்லாட் இருந்தது.

பாதி-பாதி ரகத்தில் இன்னொன்றும் கவனியுங்கள். போர்டில் 8 இருந்தால் ஸ்லாட்டிலும் 8 போடுவது உத்தமம். இரண்டு பக்கமும் சமமாக இருந்தால்தான் முழு மெமரியும் இரட்டைப் பாதையில், அதாவது டூயல் சேனலில் ஓடும். தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத லேப்டாப்பில் அந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியும், ஏனென்றால் திரையில் வரும் படத்துக்கும் அதே மெமரியிலிருந்துதான் எடுக்கிறது. 8 க்கு ஜோடியாக 16 போட்டால் கெட்டுப்போகாது. முதல் 16 ஜிபி இரட்டைப் பாதையில் ஓடும், மீதி 8 ஒற்றைப் பாதையில் போகும். 24 ஜிபி உண்மையிலேயே தேவைப்படுகிறவர்கள் தாராளமாகப் போடலாம். "ஒரே அளவு இல்லாவிட்டால் போர்டு எரிந்துவிடும்" என்று யாராவது பயமுறுத்தினால், அவரிடம் ஜோடி ஸ்டிக் விற்பனைக்கு இருக்கிறது என்று அர்த்தம்.

சரி, வாங்கும் முன்பே இதையெல்லாம் எப்படித் தெரிந்துகொள்வது? காட்சிக்கு வைத்திருக்கும் லேப்டாப்பில் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். பெர்ஃபார்மன்ஸ், அதில் மெமரி. கீழே "ஸ்லாட்ஸ் யூஸ்டு: 1 ஆஃப் 2" என்பதுபோல் வரும். அதற்குக் கீழேயே "ஃபார்ம் ஃபேக்டர்" என்று ஒரு வரி. அங்கே "சோடிம்" என்று இருந்தால் கழற்றக்கூடிய ஸ்டிக். "ரோ ஆஃப் சிப்ஸ்" என்று இருந்தால் சால்டர். அப்போது மேலே உள்ள ஸ்லாட் கணக்கை மறந்துவிடுங்கள், ஒட்டிய சிப்புகளையும் அது ஸ்லாட் என்றே எண்ணிக் காட்டும். பாதி-பாதி ரகத்தில் இந்தத் திரையை முழுதாக நம்ப முடியாது. அதற்கு ஒரே வழி, தயாரிப்பாளர் வெளியிடும் ஆவணம். லெனோவோவுக்கு பிஎஸ்ரெஃப் என்ற தளம் இருக்கிறது. அதில் மெமரி ஸ்லாட் எத்தனை, போர்டில் எவ்வளவு, அதிகபட்சம் எவ்வளவு என்று தெளிவாகப் போட்டிருப்பார்கள். எச்பியில் "மெயின்டெனன்ஸ் அண்ட் சர்வீஸ் கைடு" என்று தேடுங்கள். மற்ற நிறுவனங்களும் சர்வீஸ் மேனுவல் ஏதாவது வைத்திருப்பார்கள். தேடும்போது விளம்பரப் பெயரை வைத்துத் தேடாதீர்கள். அடிப்பக்க ஸ்டிக்கரில் இருக்கும் முழு மாடல் எண்ணைப் போடுங்கள்.

ஒரு பொருளைக் கூட்ட முடியுமா முடியாதா என்று ஒரே வார்த்தையில் அட்டைப்பெட்டி மேல் அச்சடிக்க இவர்களுக்கு என்ன கஷ்டம்? கேமரா எத்தனை பிக்சல், ஸ்பீக்கரை எந்த இசைக் கம்பெனி மெருகேற்றியது என்பதெல்லாம் பெரிய எழுத்தில் இருக்கும். ஸ்லாட் விவரம் மட்டும் நூறு பக்க பிடிஎஃப்பின் நடுவில் ஒளிந்திருக்கும். வாங்குகிறவர் தேடிக் கண்டுபிடிக்க வேண்டுமாம்.

விற்பவரே "நானே 16 ஆக்கித் தருகிறேன்" என்று முன்வந்தால் இன்னும் உஷாராக இருங்கள். உங்கள் கண் முன்னால் செய்யச் சொல்லுங்கள். சிலர் உள்ளே இருந்த நல்ல 8 ஜிபி ஸ்டிக்கைக் கழற்றி எடுத்துக்கொண்டு, பெயர் தெரியாத 16 ஒன்றைப் போட்டு, முழு 16க்கும் காசு வாங்குவார்கள். கழற்றியது உங்கள் பொருள், கேட்டு வாங்குங்கள். திறந்தால் வாரன்ட்டி என்னாகும் என்பதையும் வாயால் சொல்ல விடாதீர்கள், எழுதி வாங்குங்கள். அப்புறம், "மெமரி" என்ற சொல்லை வைத்து விளையாடுகிறவர்களும் உண்டு. 2018 வாக்கில் 8 ஜிபி ராமோடு 16 ஜிபி ஆப்டேன் சேர்த்து "24 ஜிபி மெமரி" என்று விளம்பரம் செய்த லேப்டாப்புகள் வந்தன. ஆப்டேன் என்பது டிஸ்க்கை வேகப்படுத்துகிற கேஷ் (இடைச் சேமிப்பு), ராம் இல்லை. இன்டெல் 2022 இல் ஆப்டேன் தொழிலையே மூடுவதாக அறிவித்துவிட்டது. அந்த இயந்திரங்கள் செகண்ட் ஹேண்டில் இன்றும் கைமாறிக்கொண்டிருக்கின்றன. "64 ஜிபி மெமரி" என்று மலிவாக ஒன்று கண்ணில் பட்டால் அது ராம் இல்லை, போர்டில் ஒட்டிய இஎம்எம்சி சேமிப்பு. "விர்ச்சுவல் ராம்", "ராம் பூஸ்டர்" என்பவையும் டிஸ்க்கைத்தான் ராம் என்று சொல்லி விற்கின்றன.

ஆனால் எல்லாவற்றுக்கும் சந்தேகப்படவும் வேண்டாம். 16 ஜிபி வாங்கிய பிறகு விண்டோஸ் "15.7 பயன்படுத்தலாம்" என்று காட்டினால் யாரும் திருடவில்லை, கிராஃபிக்ஸ் கொஞ்சம் எடுத்துக்கொண்டது. டிடிஆர்4 3200 ஸ்டிக் வாங்கியவர்களுக்கு சிபியு-இசட் மென்பொருள் 1600 என்று காட்டும். ஒரு துடிப்புக்கு இரண்டு முறை தகவல் போவதால் அந்தப் பாதி எண் வருகிறது, அதுவும் சரிதான்.

எஸ்எஸ்டி பற்றி நீங்கள் கவலைப்படவில்லை. அது சரியே, 512 போதும். பெரும்பாலும் எம்.2 என்ற தனி ஸ்லாட்டில் இருக்கும், பிற்பாடு மாற்றிக்கொள்ளலாம்.

பழைய லேப்டாப்பின் 4 ஜிபி ராம் இதில் சேராது. பழையது டிடிஆர்3 ஆக இருந்தால் அதற்கு 204 பின் (ஸ்டிக்கின் விளிம்பில் இருக்கும் உலோகத் தொடுமுனை), டிடிஆர்4 என்றால் 260, டிடிஆர்5க்கு 262. நடுவில் வரும் வெட்டும் ஒவ்வொன்றிலும் வேறு இடத்தில் இருக்கும். வோல்டேஜும் வேறு: டிடிஆர்3 1.5 அல்லது 1.35, டிடிஆர்4 1.2, டிடிஆர்5 1.1. அழுத்தித் திணித்தால் ஸ்லாட்தான் உடையும்.

ஆக, உங்களுக்கு இரண்டு வழி. ஒன்று, முதல் மாடலின் 16 ஜிபி பதிப்பு. அது கைக்கு மீறிய விலையாக இருந்தால் இரண்டாவது, காலி ஸ்லாட் இருப்பதை மேனுவலில் பார்த்த பிறகு. கூடுதல் 8 ஜிபியை இப்போதே போட்டுவிடுங்கள். "ராம் விலை வருடா வருடம் குறையும், பிறகு வாங்கலாம்" என்று நானே பல வருடம் சொல்லிக்கொண்டிருந்தேன். 2025 கடைசியில் ஏஐ தரவு மையங்கள் மெமரியை அள்ளிக்கொண்டு போனதில் விலை தலைகீழாக ஏறியது. மெமரி தயாரிக்கும் மைக்ரான் நிறுவனம் தனிநபர்களுக்கு விற்கும் குருஷியல் பிராண்ட் வியாபாரத்தையே விட்டு விலகுவதாக அந்த டிசம்பரில் அறிவித்தது. அதற்குப் பிறகு நான் அந்தப் பேச்சை விட்டுவிட்டேன்.

ஸ்டிக்கை வீட்டிலேயே மாட்டுவதாக இருந்தால், சார்ஜரைப் பிடுங்கிவிட்டு மூடியைத் திறங்கள். உள்ளே பேட்டரியின் கனெக்டரையும் கழற்றிவிட வேண்டும். ஸ்டிக்கைச் சாய்வாகச் செருகி, இரு பக்கக் கிளிப்பும் "டிக்" என்று பிடிக்கிற வரை கீழே அழுத்துங்கள். முதல் முறை ஆன் செய்யும்போது திரை கறுப்பாகவே இருக்கும். டிடிஆர்5 புது ஸ்டிக்கைப் பழகிக்கொள்ளச் சில நிமிடம் எடுக்கும், சில லேப்டாப் நடுவில் தானே அணைந்து மறுபடி எழும். பயந்துபோய் பவர் பட்டனை அழுத்திப் பிடிக்காமல் பத்து நிமிடம் அப்படியே விட்டுவிடுங்கள்.