சம்பா மூழ்கினால் என்ன செய்வது? உழவர் கேள்வி – பதில்

ஒன்றரை ஏக்கர் சம்பா போடுகிறேன். ஐப்பசி, கார்த்திகை மழையில் இரண்டு வருடமாகப் பயிர் மூழ்கிப்போகிறது. 'சப்-1' ரகம் போட்டால் கவலையில்லை என்கிறார்களே, உண்மையா?
– வாசகர், திருத்துறைப்பூண்டி

பாதி உண்மை. ஒடிசாவின் எஃப்ஆர்13ஏ என்ற பழைய நெல்லிலிருந்து எடுத்த, வெள்ளம் தாங்கும் 'சப்-1' மரபணுவைச் சேர்த்து உருவாக்கிய ரகங்கள் இவை. சாதாரண நெல் மூழ்கியதும் தலையை வெளியே நீட்டப் பார்த்து மளமளவென்று உயரும். தண்டில் சேர்த்த மாவுச்சத்தெல்லாம் அதிலேயே தீர்ந்துபோவதால், தண்ணீர் வடிந்ததும் நிற்கத் தெம்பில்லாமல் சாய்ந்துவிடும். சப்-1 பயிர் வளர்ச்சியை நிறுத்திவிட்டு, சத்தைச் செலவழிக்காமல் அடங்கிக் கிடக்கும். சுமார் இரண்டு வாரம் தாங்கும். கலங்கல் தண்ணீரில் வெளிச்சம் உள்ளே போகாது. அப்போது நாள் கணக்கு குறையும்.

ஆனால் இந்தத் தாங்கும் சக்தி தூர் கட்டும் பருவத்தோடு சரி. பூக்கும் பயிர் மூழ்கினால் சப்-1 ஆனாலும் பதர்தான். முழங்கால் அளவுத் தண்ணீர் மாதக்கணக்கில் தேங்கும் பள்ளக்காலிலும் இது பலிக்காது. அங்கே வடிகாலைத் தூர் வாராமல் ரகத்தை மாற்றிப் பயனில்லை.

உங்கள் பக்கத்துக்குச் சரியானது சிஆர் 1009 சப்-1. வயது 155 நாள் என்பதால் ஆவணியிலேயே விதை மண்ணில் இருக்க வேண்டும். மேட்டூரை ஜூன் 12 திறப்பது வழக்கம். 2024-ல் ஜூலை 28-தான் திறந்தார்கள். அப்படிப்பட்ட வருடத்தில் நாற்றங்காலுக்குக் காத்திருக்காமல், காய்ந்த புழுதியில் நேரடியாக விதைக்கும் புழுதி விதைப்பு செய்துவிடுங்கள். விதைப்புக் கருவி கிடைத்தால் ஏக்கருக்கு 20 கிலோவுக்குள் முடியும், கையால் தெளித்தால் 30 கிலோவுக்குக் குறையாது. புரட்டாசி பிறந்தும் விதைக்க முடியவில்லையா? 130–135 நாள் ரகத்துக்கு மாறிவிடுங்கள். மேட்டூரை வழக்கமாக ஜனவரி 28-ல் மூடுவார்கள். பால் பிடிக்கும் நேரத்தில் வாய்க்கால் காய்ந்தால் வெள்ளத்தில் தப்பியதும் வீண்.

எட்டு நாள் மூழ்கிய பயிர் மஞ்சளாக நிற்கிறது. உடனே யூரியா போடலாமா?
– வாசகர், மன்னார்குடி

பலரும் இங்கேதான் அவசரப்படுகிறார்கள். வேர் அழுகியிருக்கும்போது போடும் யூரியாவைப் பயிர் எடுக்காது. முதலில் நாலைந்து இடத்தில் ஒரு குத்தைப் பிடுங்கி, அடித்தண்டை நகத்தால் நீளவாக்கில் பிளந்து பாருங்கள். உள்குருத்து வெள்ளையாகக் கெட்டியாக இருந்தால் பயிர் பிழைக்கும். பழுப்பாகக் கொழகொழத்து நாறினால் அந்தக் குத்து போய்விட்டது.

தண்ணீரை வடித்து, ஐந்து நாள் போல விட்டு, புது வெள்ளை வேர் கண்ட பிறகு உரம் கொடுங்கள். ஏக்கருக்கு 22 கிலோ யூரியா, 18 கிலோ ஜிப்சம், 4 கிலோ வேப்பம் புண்ணாக்கு மூன்றையும் கலந்து ஓர் இரவு வைத்திருந்து, மறுநாள் 17 கிலோ பொட்டாஷ் சேர்த்து இடுங்கள். வேர் இன்னும் தேறவில்லை என்றால் இலைவழி கொடுக்கலாம்: 200 லிட்டர் தண்ணீரில் 2 கிலோ யூரியா, 1 கிலோ ஜிங்க் சல்பேட். இலையில் வண்டல் படிந்திருந்தால் அதைக் கழுவிவிட்டுத்தான் தெளிக்க வேண்டும். சொட்டை விழுந்த இடத்துக்கு, நன்றாகத் தூர் வெடித்த குத்துகளைப் பிரித்து நடுங்கள்.

கடல் தண்ணீர் ஏறிய நிலம். ஜிப்சம் போட்டும் தேறவில்லை.
– வாசகர், வேதாரண்யம்

ஜிப்சம் களர் (சோடியம் மிகுந்த) நிலத்துக்கான மருந்து. கடல் தண்ணீர் ஏறினால் உண்டாவது பெரும்பாலும் உவர் (உப்பு மிகுந்த நிலம்). இரண்டும் வேறு. மண் பரிசோதனை அட்டையைப் பாருங்கள்: கார அமில நிலை (pH) 8.5-க்கு மேல் என்றால் களர். மின் கடத்துதிறன் (EC) 4-க்கு மேல் என்றால் உவர். உவரைத் தண்ணீரால்தான் கழுவ முடியும். மழைக்கு முன்பே வரப்பை உயர்த்தி, மழைநீரைத் தேக்கி, இரண்டு மூன்று நாளில் வடித்துவிட்டு, மறுபடியும் தேக்குங்கள். வடிகால் இல்லாமல் தேக்கினால் உப்பு அங்கேயேதான் கிடக்கும். பிறகு ஏக்கருக்கு 20 கிலோ தக்கைப்பூண்டு விதைத்து, 45-ம் நாள் பூக்கும் தருவாயில் மடக்கி உழுங்கள். வீட்டுச் சாப்பாட்டுக்கு மட்டும் என்றால் கடலோரத்துப் பழைய ரகமான குழியடிச்சானை ஒரு மூலையில் போட்டுப் பாருங்கள். விளைச்சல் குறைவுதான், ஆனால் உப்புக்கு அசராது.

பொங்கல் சமயத்தில் மழை வந்தால் என்ன செய்வது?
– வாசகர், பாபநாசம்

2021 ஜனவரியில் டெல்டா பட்ட பாடு நினைவிருக்கும். சாய்ந்து தண்ணீரில் கிடக்கும் கதிர் சில நாளிலேயே முளைவிடும். அறுப்புக்குப் பத்து நாள் முன்பே தண்ணீரை வடித்துவிடுங்கள்; சேறாகிவிட்டால் டயர் போட்ட அறுவடை வண்டி இறங்காது, பெல்ட் வண்டிக்கு வாடகை கூடுதல். கொள்முதல் நிலையத்தில் வழக்கமான ஈரப்பத வரம்பு 17 சதவீதம். வீட்டுக்கும் விதைக்கும் எடுத்து வைப்பதை 13-க்குக் கீழே காயவையுங்கள். கடித்தால் 'டக்'கென்று உடைய வேண்டும்.

காப்பீடு கட்டியும் எனக்கு மட்டும் வரவில்லையே?
– வாசகர், சீர்காழி

பிரதமர் பயிர்க் காப்பீட்டில் சம்பாவுக்கு நீங்கள் கட்டும் பிரீமியப் பங்கு காப்பீட்டுத் தொகையில் 1.5 சதவீதம். ஆனால் இழப்பீட்டைப் பெரும்பாலும் உங்கள் வயலைப் பார்த்து முடிவு செய்வதில்லை. வருவாய் கிராம அளவில் பயிர் அறுவடைச் சோதனை நடத்தி, அதன் சராசரியைத்தான் எடுக்கிறார்கள். கிராமத்தில் மேட்டு வயல்கள் நன்றாக விளைந்திருந்தால் பள்ளத்துக்காரர் பாடு கஷ்டம்தான். ஒன்று கவனியுங்கள்: அறுத்து வயலில் காயப்போட்ட நெல் 14 நாளுக்குள் மழையில் நாசமானால் அது தனி வயல் கணக்கு. 72 மணி நேரத்துக்குள் தகவல் கொடுக்க வேண்டும். படத்தையும் அன்றைக்கே எடுத்துவிடுங்கள்.