ஹெல்த் கோச் நேர்காணலா? உங்கள் பெண் கேட்கப் பழகட்டும்

அம்மா, பி.எஸ்ஸி. நியூட்ரிஷன் முடித்த உங்கள் பெண் ஹெல்த் கோச் (சாப்பாடு, நடை போன்ற பழக்கங்களை மாற்றிக்கொள்ள வாடிக்கையாளருக்குத் துணை நிற்பவர்) நேர்காணலுக்காக ராத்திரியெல்லாம் வைட்டமின் பட்டியலை மனப்பாடம் செய்கிறாள் என்று எழுதியிருந்தீர்கள். பாடம் தெரிந்திருக்க வேண்டியதுதான். ஆனால் இந்த வேலைக்கு ஆளெடுப்பவர்கள் முக்கியமாகப் பார்ப்பது, எதிரில் இருப்பவரை அவள் பேசவிடுகிறாளா என்பதைத்தான்.

அதற்காகவே பல இடங்களில் ஒரு மாதிரி உரையாடல் வைப்பார்கள். நேர்காணல் செய்பவரே வாடிக்கையாளராகி, "48 வயசு, சுகர் இருக்கு, நைட் டூட்டி, கேன்டீன் சாப்பாடு, நடக்க நேரமே இல்ல" என்பார். உடனே "சாதத்தைக் குறைங்க, சப்பாத்திக்கு மாறுங்க" என்று ஆரம்பித்தால் வாய்ப்பு அங்கேயே நழுவிவிடும். டூட்டி முடிந்து எத்தனை மணிக்கு வீடு வருகிறார், வந்ததும் என்ன சாப்பிடுகிறார், முன்பு எதையாவது முயன்று பாதியில் விட்டாரா, ஏன் விட்டார் என்றெல்லாம் கேட்டு, புரிந்துகொண்டதை அவரிடமே சொல்லிச் சரிபார்த்து, அப்புறம் "இந்த வாரம் இதுல எதை மாத்த முடியும்னு நினைக்கிறீங்க?" என்று முடிவை அவரிடமே விட வேண்டும். மில்லர், ரோல்னிக் என்ற உளவியலாளர்கள் வளர்த்தெடுத்த மோட்டிவேஷனல் இன்டர்வியூயிங் முறையின் சாரம் இதுதான்.

"மாத்திரையை நிறுத்திடலாமா?" என்றும் கேட்டுப் பார்ப்பார்கள். மருந்தில் கை வைப்பது டாக்டரின் வேலை என்று தயங்காமல் சொல்லட்டும். இன்சுலினோ கிளிமிபிரைடு என்ற சுகர் மாத்திரையோ எடுப்பவர் சாப்பாட்டைத் தவிர்த்தால் சர்க்கரை ஆபத்தாக இறங்கலாம் என்பதையும் சேர்த்துச் சொன்னால் நம்பிக்கை கூடும்.

எண்கள் கொஞ்சம் போதும்: எச்பிஏ1சி (கடந்த இரண்டு மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) 5.7 முதல் 6.4 சதவீதம் வரை நீரிழிவுக்கு முந்தைய நிலை, 6.5-ம் அதற்கு மேலும் நீரிழிவு. இந்தியர்களுக்கு பிஎம்ஐ (உயரத்துக்கு ஏற்ற எடையைக் காட்டும் எண்) 23-லேயே கவனம் தேவை. கோச்சிங்கால் என்ன பயன் என்று கேட்டால், 2002-ல் வெளியான அமெரிக்காவின் டயாபடீஸ் பிரிவென்ஷன் புரோகிராம் ஆய்வைச் சொல்லலாம். அதில் வாழ்க்கைமுறை மாற்றம் நீரிழிவு வரும் வாய்ப்பை 58 சதவீதம் குறைத்தது, மெட்ஃபார்மின் என்ற சுகர் மாத்திரை 31 சதவீதம்.

சுகரோ பிரஷரோ உள்ள சித்தி, அத்தை யாரிடமாவது அனுமதி கேட்டுக்கொண்டு, போனில் பத்து நிமிடம் பேசிப் பதிவு செய்து கேட்கட்டும். யார் அதிகம் பேசினார்கள் என்பது அவளுக்கே புரியும். இரண்டு மூன்று பேரிடம் இப்படிப் பேசினாலே பதற்றம் பாதி குறைந்துவிடும்.

கடைசியாக, ஒரு கோச்சுக்கு எத்தனை வாடிக்கையாளர்கள், பிளான் விற்கும் டார்கெட் உண்டா, சம்பளத்தில் இன்சென்டிவ் எவ்வளவு என்று அவளும் கூச்சப்படாமல் கேட்கட்டும். சில இடங்களில் கோச் என்று பெயர் வைத்து விற்பனை வேலைதான் தருகிறார்கள். சேர்வதற்கு முன்பே அது தெரிந்துவிட வேண்டும்.