ஐரோப்பாவில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கப் போகலாமா? – வாசகர் கேள்விகள்

செக் குடியரசில் பிர்னோ நகரத்தில் ஆங்கில ஆசிரியையாக இருந்த நாட்களைப் பற்றிப் போன இதழில் கொஞ்சம் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு நிறையப் பேர் கேள்வி அனுப்பியிருக்கிறீர்கள். ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்து, முடிந்தவரை பதில் சொல்கிறேன்.

கேள்வி: அக்கா, என் தாய்மொழி தமிழ். ஆங்கிலம் நன்றாகவே பேசுவேன், எழுதுவேன். ஆனால் 'நேட்டிவ் ஸ்பீக்கர் மட்டும்' என்று போட்ட விளம்பரங்களைப் பார்த்தாலே மனசு விட்டுப்போகிறது. நமக்கெல்லாம் அங்கே வேலை கிடைக்குமா?

பதில்: கிடைக்கும், ஆனால் சுலபமாகக் கிடைக்காது. பாஸ்போர்ட்டைப் பார்த்ததும் விண்ணப்பத்தை ஒதுக்கிவைக்கும் மொழிப் பள்ளிகள் உண்டு, அது அநியாயம், எனக்கும் நடந்திருக்கிறது. இருந்தாலும் ஒரு விஷயத்தை நீங்கள் உறுதியாக நம்பலாம், ஆங்கிலத்தைப் படித்துக் கற்றுக்கொண்டவருக்கு அதைச் சொல்லிக்கொடுப்பதில் ஒரு பலம் இருக்கிறது.

செக் மொழியில் ஆங்கிலத்தின் 'அ' (a), 'தி' (the) போன்ற சொற்களே கிடையாது. தமிழிலும் கிடையாது. என் வகுப்பில் இருந்த ஒரு கணக்காளர், சூரியனுக்கு முன்னால் 'தி' வருகிறது, நிலாவுக்கு முன்னாலும் வருகிறது, வீனஸுக்கு மட்டும் ஏன் வரவில்லை என்று கேட்டார். பிறந்ததிலிருந்து ஆங்கிலம் பேசுபவர்களில் பலர் 'அப்படித்தான் சொல்வோம்' என்று முடித்துவிடுவார்கள், ஏனென்றால் அவர்களுக்கு அந்தக் கேள்வியே எழுந்ததில்லை. எனக்குப் பள்ளிக்கூடத்தில் அதே சந்தேகம் வந்து, அடி வாங்காத குறையாகப் பாடம் செய்த விதி அது, அதனால் எங்கே சிக்கும் என்று தெரிந்து சொல்ல முடிந்தது.

செக்காரர்களுக்கே உரிய சிக்கல்களும் உண்டு, அவற்றை நீங்கள் அங்கே போய்த்தான் கற்றுக்கொள்ள வேண்டும். சொல்லின் கடைசியில் வரும் g போன்ற ஒலியை k போல முடிப்பார்கள், அதனால் முதுகைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லும் பையைக் குறிக்கும் சொல்லும் அவர்கள் வாயில் ஒன்றாகிவிடும். 'எட்டு வருஷம் ஜிம்னேசியத்தில் படித்தேன்' என்று ஒருவர் சொன்னால் உடற்பயிற்சிக் கூடம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், அங்கே அது உயர்நிலைப் பள்ளி. 'ஈவென்ச்சுவலி' என்பார்கள், 'ஒருவேளை' என்று அர்த்தம்.

படிப்பு என்று பார்த்தால், ஒரு பட்டமும் செல்டா மாதிரி நேரடிப் பயிற்சிச் சான்றிதழும் இருந்தால்தான் நல்ல பள்ளிகள் கூப்பிடும். செல்டா ஏறத்தாழ 120 மணி நேரப் படிப்பு, அதில் 6 மணி நேரம் உண்மையான மாணவர்கள் முன்னால் நின்று பாடம் நடத்தியாக வேண்டும், பின்னால் உட்கார்ந்து ஒருவர் குறிப்பெடுப்பார். அந்த 6 மணி நேரத்துக்காகத்தான் அந்தச் சான்றிதழுக்கு மதிப்பு. வகுப்பே எடுக்காமல் இணையத்தில் வாங்கும் மலிவுச் சான்றிதழுக்குக் காசு செலவழிக்க வேண்டாம்.

கேள்வி: சுற்றுலா விசாவில் போய், அங்கே இருந்தபடி வேலை தேடிக்கொள்ளலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். அந்த விசாவில் வேலை பார்க்கக் கூடாது, மாட்டினால் அடுத்த விசாவுக்கும் ஆபத்து. செக்கில் சம்பளத்துக்கு வேலை என்றால் 'எம்ப்ளாயி கார்டு' வேண்டும், வேலை செய்யவும் தங்கவும் சேர்த்து ஒரே அனுமதி, 2 ஆண்டு வரை கொடுப்பார்கள். அதற்கு வேலை முதலில் கையில் இருக்க வேண்டும், விண்ணப்பத்தைத் தூதரகத்தில் கொடுக்க வேண்டும். பட்டச் சான்றிதழுக்கு அப்போஸ்டில் என்ற, வெளிநாட்டில் செல்லுபடியாகும் அரசு முத்திரை, நீதிமன்ற அங்கீகாரம் பெற்ற மொழிபெயர்ப்பாளரின் வட்ட முத்திரையோடு செக் மொழிபெயர்ப்பு, வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்ட தங்குமிடச் சான்று எல்லாம் கேட்பார்கள். இதற்கே மாதக்கணக்கில் ஆகும் என்று வைத்துக்கொண்டு திட்டமிடுங்கள்.

இன்னொரு வழி சுயதொழில் உரிமம். அங்கே இருக்கும் ஆசிரியர்கள் அதை 'ஷிவ்னோ' என்பார்கள். உரிமத்துக்குக் கட்டணம் செக் நாணயத்தில் 1000 கொருனாதான், ஆனால் வரி, சமூகப் பாதுகாப்புப் பணம், மருத்துவக் காப்பீடு எல்லாம் நம் தலையில். விடுமுறைக்குச் சம்பளம் இல்லை. இதைச் சரியாகக் கணக்குப் போடாமல்தான் நான் முதல் வருஷம் கஷ்டப்பட்டேன். கம்பெனிகளில் வகுப்பு என்றால் ஜூலை, ஆகஸ்டில் பாதிப் பேர் விடுமுறையில் போய்விடுவார்கள், டிசம்பர் நடுவிலிருந்து ஆளே இருக்காது. நான் வேலை செய்த பள்ளி, மாணவர் அன்று காலை வரவில்லை என்று சொன்னால்கூட எனக்குப் பணம் தராது, நான் டிராமில் பாதி வழி போயிருப்பேன். ஒப்பந்தத்தில் அது எழுதியிருந்தது, நான்தான் கேட்கவில்லை. நீங்கள் கேளுங்கள்: 24 மணி நேரத்துக்குள் ரத்து செய்தால் பணம் உண்டா, ஒரு 'பாடம்' என்பது 60 நிமிடமா 45 நிமிடமா, ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்குப் போகும் நேரத்துக்கு ஏதாவது தருவார்களா. கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் கேளுங்கள். அப்புறம், வருஷத்துக்குப் 12 மாதச் செலவு, 9 மாத வருமானம் என்று கணக்குப் போடுங்கள்.

கேள்வி: ஒரு சாதாரண நாள் எப்படி இருக்கும்?

பதில்: சீக்கிரம் தொடங்கும். செக்காரர்கள் அதிகாலை ஆட்கள், காலை ஏழரைக்கு அலுவலகத்தில் வகுப்பு வைத்துக்கொள்வது அங்கே சாதாரணம். பிர்னோவில் டிராமை 'ஷலினா' என்பார்கள், தலைநகர் பிராகாவில் அந்தச் சொல்லைச் சொன்னால் இவர் பிர்னோக்காரர் என்று கண்டுபிடித்துவிடுவார்கள். காலையில் இரண்டு கம்பெனி, மதியம் பாடம் தயாரிப்பு, மாலையில் மறுபடி வகுப்பு என்று நாள் நடுவில் பிளந்து கிடக்கும், அதுதான் உடம்பை வாட்டும்.

நேரம் சொல்வதில் கவனமாக இருங்கள். செக்கில் 'பாதி எட்டு' என்றால் ஏழரை. பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் 'ஹாஃப் எய்ட்' என்றால் எட்டரை. நான் எட்டரையை மனதில் வைத்துச் சொல்லி, ஒரு அம்மா ஜனவரிக் குளிரில் பூட்டிய கதவுக்கு முன்னால் ஒரு மணி நேரம் நின்றிருந்தார். அவர் ஒன்றும் சொல்லவில்லை, எனக்குத்தான் இன்றுவரை வருத்தம். அதற்குப் பிறகு எல்லா நேரத்தையும் எண்ணில் எழுதிக் கொடுத்துவிடுவேன்.

அந்த ஊரில் நேரமே கொஞ்சம் தனிக் கதைதான். பேத்ரோவ் குன்றில் இருக்கும் பேராலயத்தில் நடுப்பகல் மணியை 11 மணிக்கே அடிக்கிறார்கள். 1645இல் ஸ்வீடன் படை முற்றுகையிட்டபோது, நண்பகலுக்குள் பிடிக்க முடியாவிட்டால் திரும்பிப் போய்விடுவேன் என்று தளபதி சொன்னதாகவும், ஊர்க்காரர்கள் ஒரு மணி நேரம் முன்பே மணியடித்துப் படையை அனுப்பிவிட்டதாகவும் சொல்வார்கள். இந்தக் கதையை ஆங்கிலத்தில் சொல்லச் சொன்னால் கடைசி பெஞ்சு மாணவர்கூட வாயைத் திறப்பார். ஊர்ப் பெருமையை வகுப்புக்குள் கொண்டுவந்தால் பாதி வேலை முடிந்தது.

பள்ளிக் குழந்தைகளுக்கு மதிப்பெண் போட்டால் 1 தான் முதலிடம், 5 தோல்வி. பக்கத்து நாடான போலந்தில் 6 தான் உச்சம், அப்படியே தலைகீழ். நாடு மாறினால் முதல் நாளே இதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: வார இறுதியில் வேறு நாடுகளுக்குப் போகலாமா? தனி விசா வேண்டுமா?

பதில்: செக்கின் நீண்டகால விசாவோ தங்கும் அனுமதியோ இருந்தால், பொது விசா முறையில் சேர்ந்திருக்கும் மற்ற ஐரோப்பிய நாடுகளில், அதாவது ஷெங்கன் நாடுகளில், எந்த 180 நாளிலும் 90 நாள் வரை சுற்றலாம், செக்கில் இருக்கும் நாட்கள் அந்தக் கணக்கில் வராது. அயர்லாந்து ஷெங்கனில் இல்லை, அதற்கு விசா தனி. அனுமதி அட்டையையும் பாஸ்போர்ட்டையும் கையிலேயே வைத்திருங்கள், ரயிலில் சோதனை வரும்.

பிர்னோவிலிருந்து வியன்னா, பிராட்டிஸ்லாவா இரண்டுமே ரயிலில் ஒன்றரை மணி நேரம்தான். வியன்னாவில் ஞாயிற்றுக்கிழமை கடைகள் மூடியிருக்கும், சாப்பாட்டுக்கு வேண்டியதைச் சனிக்கிழமையே வாங்கிவிடுங்கள். ஆனால் எனக்குப் பிடித்தது பக்கத்திலேயே இருந்த மொராவியக் கார்ஸ்ட், சுண்ணாம்புப் பாறைக் குகைகள் நிறைந்த பகுதி. பிர்னோ இருக்கும் கிழக்குச் செக் பகுதிக்குத்தான் மொராவியா என்று பெயர். அங்கே மாட்சோகா என்ற பள்ளம், 138 மீட்டர் ஆழம், கீழே புங்க்வா நதி, குகைக்குள் படகில் கூட்டிப்போவார்கள். மாணவர் ஒருவர் சொல்லித்தான் போனேன். நீங்களும் மாணவர்களிடம் கேட்டுப் போங்கள்.

கேள்வி: அங்கே ஆசிரியருக்கு மரியாதை உண்டா?

பதில்: உண்டு. குழந்தைகள் 'பனீ உச்சித்தெல்கோ' என்று கூப்பிடுவார்கள், 'ஆசிரியை அம்மா' என்கிற மாதிரி. கூப்பிடும்போது சொல்லின் முடிவு மாறும், நம் விளி வேற்றுமை போலவே, அதைக் கண்டுபிடித்த அன்று எனக்கு அந்த மொழி கொஞ்சம் சொந்தமானது. மார்ச் 28 அங்கே ஆசிரியர் தினம். 1592இல் மொராவியாவில் பிறந்த கல்வியாளர் கொமென்ஸ்கியின் பிறந்தநாள் அது. கொமேனியஸ் என்றால் உங்களுக்குத் தெரிந்திருக்கும், 200 கொருனா நோட்டில் இருப்பவர். 1658இலேயே படமும் சொல்லும் சேர்த்துக் குழந்தைகளுக்குப் பாடநூல் போட்டவர். நானும் சின்னப் பிள்ளைகள் வகுப்பில் படத்தை ஒட்டி, எண் போட்டு, பக்கத்தில் சொல்லை எழுதித்தான் தொடங்குவேன். முதல் வருஷம் அந்த நாளில் ஒரு பையன் வீட்டில் என்னை வரைந்து கொண்டுவந்தான். மூக்கு, கண்ணாடி, செருப்பு எல்லாவற்றுக்கும் எண் போட்டு, ஓரத்தில் ஆங்கிலப் பெயர்களை எழுதியிருந்தான், ஒரு எழுத்துப்பிழைகூட இல்லை.