முன்பலகையில் நிற்கும் பிள்ளை: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: என் கணவர் மூன்று வயது மகனை ஸ்கூட்டரின் முன்பலகையில் நிற்கவைத்து, ஆறு வயது மகளைப் பின்னால் உட்காரவைத்து, இரண்டு கிலோமீட்டர் தொலைவிலுள்ள அங்கன்வாடியிலும் பள்ளியிலும் விட்டுவருகிறார். உள்ளூரில் போய்வருவதற்குக் குழந்தைகளுக்கும் தலைக்கவசம் வேண்டுமா?
- இல்லத்தரசி, செங்கம் வட்டம்

பதில்: வேண்டும். 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 129-ஆம் பிரிவு நான்கு வயதுக்கு மேற்பட்ட எல்லோருக்கும் தலைக்கவசத்தைக் கட்டாயமாக்கியிருக்கிறது. ஒன்பது மாதம் முதல் நான்கு வயது வரையிலான குழந்தைகளுக்கென்று 2023 பிப்ரவரி 15 முதல் தனி விதி நடைமுறையில் உள்ளது: குழந்தையை ஓட்டுபவரோடு பிணைக்கும் பாதுகாப்புப் பட்டை, தலைக்கு அளவான கவசம், மணிக்கு 40 கிலோமீட்டருக்கு மிகாத வேகம். பெரியவரின் தலைக்கவசத்தைக் குழந்தைக்கு மாட்டுவதில் பயனில்லை. அது கண்ணை மறைக்கும், விழும்போது முதலில் கழன்று ஓடும்.

தலைக்கவசத்தைவிட எனக்குக் கவலை தருவது உங்கள் மகன் நிற்கும் இடம். முன்பலகையில் நிற்கும் குழந்தையின் முகமும் கழுத்தும் கைப்பிடியின் உயரத்தில் இருப்பதால், திடீரென்று பிரேக் பிடிக்கும்போது தந்தையின் உடல் எடையும் சேர்ந்து குழந்தையைத்தான் அதன்மீது அழுத்தும். கடை வாசலில் இன்ஜினை அணைக்காமல் இறங்கும் ஒரு நிமிடத்தில் பிள்ளை ஆக்சிலரேட்டரை முறுக்கிவிட, வண்டி பாய்ந்துவிடுவதும் உண்டு. மகளுக்குக் கால் ஃபுட்ரெஸ்டில் எட்டாவிட்டால், தொங்கும் குதிகால் பின்சக்கரத்துக்குள் போகாதபடி சக்கரத்தின் பக்கவாட்டு மறைப்பு முழுமையாக இருக்கிறதா என்று பாருங்கள். சட்டத்தின் 128-ஆம் பிரிவு ஓட்டுபவரோடு ஒருவரை மட்டுமே அனுமதிக்கிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். இரண்டு கிலோமீட்டர்தானே, இரண்டு நடையாகக் கொண்டுபோய் விடச் சொல்லுங்கள்.

கேள்வி: எங்கள் ஊர்ப் பள்ளி மாநில நெடுஞ்சாலையை ஒட்டியிருக்கிறது. மனு கொடுத்து அலுத்துப்போன இளைஞர்கள், தாங்களே சிமென்ட் போட்டு வேகத்தடை அமைத்துவிடலாம் என்கிறார்கள். சரியா?
- ஊராட்சி வார்டு உறுப்பினர், அரூர் வட்டம்

பதில்: ஆதங்கம் நியாயமானது, வழி ஆபத்தானது. இந்தியச் சாலைப் பேராயத்தின் அளவுப்படி வேகத்தடை 3.7 மீட்டர் அகலமும் 10 சென்டிமீட்டர் உயரமுமாக, வண்டி மெல்ல ஏறி இறங்கும்படி இருக்க வேண்டும். நம் ஊர்களில் ஒரே இரவில் முளைப்பவையோ ஓரடி அகலத்தில் செங்குத்தாக நிற்கின்றன. வெள்ளைக்கோடும் எச்சரிக்கைப் பலகையும் இல்லாத அந்த மேட்டில் இருட்டில் ஏறும் பைக்கிலிருந்து தூக்கியெறியப்படுபவர், பெரும்பாலும் பின்னால் ஒருபக்கமாக அமர்ந்து மடியில் பிள்ளையை வைத்திருக்கும் பெண்தான்.

மனு பலிக்காததற்கு ஒரு காரணம், அது போய்ச் சேர்ந்த இடமாக இருக்கலாம். ஊராட்சிச் சாலை, ஒன்றியச் சாலை, நெடுஞ்சாலை என்று ஒவ்வொன்றுக்கும் பொறுப்பாளர் வேறு. உங்களுடையது நெடுஞ்சாலைத் துறையின் உதவிக் கோட்டப் பொறியாளரின் பொறுப்பு. ஆண்டுக்கு ஆறு முறை கூடும் கிராம சபையில் தீர்மானம் நிறைவேற்றி அவருக்கு அனுப்புங்கள். படியை மாவட்டச் சாலைப் பாதுகாப்புக் குழுவின் தலைவரான ஆட்சியருக்குக் கொடுங்கள். “விபத்து நடக்கிறது, ஆவன செய்க” என்று பொதுவாக எழுதாமல், எந்தக் கிலோமீட்டர் கல்லுக்கு அருகில், எத்தனை மணிக்கு, எத்தனை பிள்ளைகள் கடக்கிறார்கள் என்று எண்ணி எழுதுங்கள். பள்ளி எச்சரிக்கைப் பலகை, வரிவரியான அதிர்வுக் கோடுகள், கடக்கும் கோடு, மணிக்கு 30 கிலோமீட்டர் வேக வரம்பு ஆகியவற்றையும் சேர்த்துக் கேளுங்கள். 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி ஒரு நொடியில் ஏறத்தாழ 17 மீட்டர் ஓடிவிடும். பிள்ளையைக் கண்டு ஓட்டுநரின் கால் பிரேக்குக்குப் போவதற்கே அந்த ஒரு நொடி ஆகிவிடுகிறது. 30 கிலோமீட்டர் வேகத்தில் அதே நொடியில் 8 மீட்டர்தான். வளைவை மறைத்து நிற்கும் சீமைக் கருவேலத்தை வெட்டுவதற்கு, துறையின் அனுமதி பெற்று, அந்த இளைஞர்களின் வேகத்தைப் பயன்படுத்தலாம்.

கேள்வி: ஆண்டுதோறும் உறுதிமொழி, ஓவியப் போட்டி எல்லாம் நடத்துகிறோம். இருந்தும் பிள்ளைகள் குறுக்கே ஓடுகிறார்களே?
- தொடக்கப் பள்ளி ஆசிரியர், உளுந்தூர்பேட்டை அருகில்

பதில்: ஓடத்தான் செய்வார்கள். பத்து வயதுக்குக் கீழுள்ள பிள்ளையால் வரும் வண்டியின் வேகத்தையும் தூரத்தையும் சேர்த்துக் கணிப்பது கடினம். அவர்களைத் திட்டிப் பயனில்லை. ஓவியத்தாளை வைத்துவிட்டு ஒருநாள் அவர்களோடு வீடுவரை நடந்து பாருங்கள். நடைபாதையற்ற சாலையில் எதிரே வரும் வண்டி கண்ணில் படும்படி வலப்பக்கமாக நடப்பதையும், பேருந்திலிருந்து இறங்கியதும் அதன் முன்னால் புகுந்து ஓடாமல் அது நகரும்வரை நிற்பதையும் அங்கேயே பழக்குங்கள். அறுவடைக் காலத்தில் சாலையில் பாதியை உளுந்தும் கேழ்வரகும் பிடித்துக்கொள்ள, பிள்ளைகள் நடுச்சாலைக்கு வருவது அப்போது தெரியும். தானியத்தை அள்ளிய பின்னும் அதைச் சுற்றி வைத்த கற்கள் அங்கேயே கிடக்கும். அது பெற்றோர் கூட்டத்தில் பேச வேண்டிய விஷயம்.

கேள்வி: பதினான்கு வயதுப் பேரன் வயலுக்கு எக்ஸ்.எல். ஓட்டிப்போவது குற்றமா?
- விவசாயி, திருத்துறைப்பூண்டி

பதில்: குற்றம்தான், அதுவும் பெரியவர்களுடையது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 199ஏ பிரிவின்படி பாதுகாவலருக்கோ வாகன உரிமையாளருக்கோ மூன்றாண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் விதிக்கலாம். வண்டியின் பதிவு 12 மாதங்களுக்கு ரத்தாகும். பேரனுக்கு 25 வயதுவரை ஓட்டுநர் உரிமம் கிடைக்காது. பதினாறு வயதில் அனுமதிக்கப்படுவது 50 சிசிக்கு உட்பட்ட, கியர் இல்லாத வண்டி மட்டுமே. இன்று விற்கும் எக்ஸ்.எல். ஏறத்தாழ 100 சிசி.

கேள்வி: அடிபட்ட குழந்தையைத் தூக்கினால் போலீஸ் வழக்கில் மாட்டிக்கொள்வோமா?
- தேநீர்க் கடைக்காரர், மணப்பாறை

பதில்: மாட்டீர்கள். நல்லெண்ணத்தோடு உதவுபவருக்கு அதே சட்டத்தின் 134ஏ பிரிவு பாதுகாப்புத் தருகிறது. பெயரைச் சொல்லும்படி உங்களைக் கட்டாயப்படுத்த முடியாது. 108-ஐ அழையுங்கள். 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம்’ திட்டத்தின்கீழ், பட்டியலிலுள்ள தனியார் மருத்துவமனைகளிலும் முதல் 48 மணி நேரச் சிகிச்சையின் செலவை வரம்புக்குட்பட்டு அரசே ஏற்கிறது. ஆம்புலன்ஸ் வரும்வரை குழந்தைக்குச் சோடாவோ தண்ணீரோ புகட்டாதீர்கள். காயத்தில் காப்பித்தூளை அப்பாதீர்கள். சுத்தமான துணியை மடித்து இரத்தம் வரும் இடத்தில் அழுத்திப் பிடியுங்கள். தலையில் அடிபட்ட பிள்ளை எழுந்து நடந்தாலும், பிறகு வாந்தி எடுத்தாலோ அசந்து தூங்கிக்கொண்டே இருந்தாலோ உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லும்படி பெற்றோரிடம் சொல்லி அனுப்புங்கள்.