மேற்குச் சுவரின் சூட்டைக் குறைக்க உள்ளே ரெஜிபோம் (தெர்மோகோல்) தகடு ஒட்டலாமா?

ஒட்டாதீர்கள். நான் ஒட்டிப் பார்த்தவன் என்பதால் சொல்கிறேன்.

மட்டக்களப்புக் கல்லடியில் எங்கள் வீடு ஆறு அங்குல சீமெந்துக் கல்லில் கட்டியது. மேற்கு அறை வாவிப் பக்கம் பார்த்தது, வைகாசியில் கச்சான் என்கிற வறண்ட தென்மேற்குக் காற்று அடிக்கத் தொடங்கினால் ராத்திரி எட்டு மணிக்கும் அந்தச் சுவரில் முதுகைச் சாய்க்க முடியாது. காரணம் எளிது: பின்னேர வெயிலைக் கல் மெதுவாகக் குடித்து, சில மணி நேரம் கழித்து உள்ளே கக்குகிறது. காற்றாடி போட்டாலும் அதே சூட்டைத்தான் சுற்றி அடிக்கும்.

ரெஜிபோம் சூட்டைத் தடுக்கும் என்பதில் சந்தேகமே இல்லை. ஓர் அங்குலத் தகடு ஏறத்தாழ ஒன்றரை அடிச் செங்கல் சுவருக்குச் சமம். அதை நம்பித்தான் உள்ளே ஒட்டி, மேலே பலகை அடித்தேன். இரண்டு மாதம் சுகம். மாரி வந்ததும் வெளிப்பூச்சின் வெடிப்பு வழியாக இறங்கிய ஈரம், உள்ளே காய வழியில்லாமல் தகட்டுக்குப் பின்னால் தங்கிவிட்டது. அம்மாதான் முதலில் பார்த்தார், "என்ன மனே, சுவர் வேர்த்துக் கிடக்கு?" என்று. பலகையைக் கழற்றினால் கறுப்புப் பூஞ்சணம், ஒரு மூலையில் எறும்புப் புற்று. அதோடு இது தீப்பிடித்தால் கரும்புகை கக்கும் சாமான், படுக்கிற அறைக்குள் வேண்டவே வேண்டாம்.

ஒட்டத்தான் வேண்டும் என்றால் வெளியே ஒட்டுங்கள். முதலில் வெடிப்புகளை அடைத்து, தகட்டை ஒட்டி, பிளாஸ்டிக் வலை வைத்து மேலே சாந்து பூச வேண்டும் (கடற்காற்றில் கோழிக்கம்பி வலை துருப்பிடித்துப் பூச்சையே வெடிக்க வைக்கும்). நிலத்திலிருந்து ஓர் அடியாவது விட்டுத் தொடங்குங்கள், இல்லாவிட்டால் கறையான் ஏணி இல்லாமலே ஏறும். வெளியே ஒட்டினால் வெயில் கல்லையே தொடாது, அதுதான் வித்தியாசம்.

ஆனால் இவ்வளவு செலவு ஏசி போடுகிற அறைக்குத்தான் தகும். ஜன்னலைத் திறந்து வைத்து வாழ்கிற வீட்டில் காற்று எப்படியும் வெளிச்சூட்டோடுதான் வரும், நாம் தடுக்க வேண்டியது சுவரில் விழும் வெயிலை மட்டும். அதற்கு நிழல் போதும். மேற்கு வெயில் தாழ்வாக, சாய்ந்து வருவதால் கூரைத் தாழ்வாரத்தை நீட்டிப் பெரிய பயனில்லை, நிமிர்ந்து நிற்கும் மறைப்பு வேண்டும். நான் கடைசியில் செய்தது, சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளிக் கம்பு நட்டு, கிடுகுத் (பின்னிய தென்னோலை) தட்டி கட்டி, அதில் பாவற்கொடி ஏற்றியது. இடையில் காற்று ஓடுவதால் தட்டியின் சூடு சுவருக்கு வராது. கிடுகை இடைக்கிடை மாற்ற வேண்டும், அது ஒரு வேலைதான். சுவருக்கு வெள்ளைச் சுண்ணாம்பும் அடித்தேன். அடர் நிறச் சுவர் வெயிலில் பெரும்பகுதியை உள்வாங்கும், புது வெள்ளை பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பும்.

சிலர் நடுவில் வெற்றிடமுள்ள சீமெந்துக் கல்லுக்குள் உமி நிரப்பச் சொல்வார்கள். அம்பாறைப் பக்கம் உமிக்குப் பஞ்சமில்லை, சரி. ஆனால் கல்லின் இரு முகத்தையும் இணைக்கும் சீமெந்துத் தடுப்பு வழியாகச் சூடு போய்க்கொண்டே இருக்கும், உமி ஈரப்பட்டால் புழுவும் வரும். புதிதாகச் செங்கல்லில் கட்டுகிறவர் என்றால் எலிப்பொறிக் கட்டு பற்றி மேசனிடம் கேளுங்கள். கேரளாவில் கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் பரப்பிய முறை. கல்லை நிமிர்த்தி வைத்து நடுவில் வெற்றிடம் விடுவதால் கல்லும் கால்வாசி மிச்சம்.

இன்னொன்று, உங்கள் கூரை என்ன? சித்திரைப் பிறப்பை ஒட்டி நம் ஊரில் சூரியன் ஏறத்தாழ உச்சிக்கு நேரே நிற்கும், அப்போது சுவரைவிடக் கூரைதான் அதிகம் வாங்கும். சீட்டுக் கூரையாகி, சீலிங்கும் இல்லையென்றால் முதல் காசை அங்கே போடுங்கள். மதியம் மேசையில் ஏறிக் கூரைத் தகட்டுக்குக் கிட்டக் கையைப் பிடித்துப் பாருங்கள், ராத்திரி எட்டு மணிக்குச் சுவரில் கை வைத்துப் பாருங்கள். வேலிக்கும் சுவருக்கும் இடையே எத்தனை அடி இருக்கிறது என்றும் எழுதுங்கள், தட்டி கட்ட இடம் காணுமா என்று சொல்கிறேன்.