மூன்றாவது கன் மட்டும் ஏன் உறைகிறது?

கேள்வி: அண்ணா, சென்ற இலையுதிர்காலத்தில் கனடாவின் குவெல்ப் நகரில் ஒரு கார் வாஷ் வாங்கினேன். காசு போட்டுத் தாங்களே கழுவிக்கொள்ளும் வகை, நான்கு அறைகள். குளிர் மைனஸ் 15க்குக் கீழே போனால் மூன்றாவது அறையில் தண்ணீரைப் பீய்ச்சும் கன்னும் ஹோஸும் உறைந்துவிடுகின்றன. மற்ற மூன்றிலும், உறையாமலிருக்க விட்ட தண்ணீர் மெல்ல ஒழுகியபடி இருக்கிறது. மூன்றாவது கன்னைக் கோடையில்தான் மாற்றியதாகப் பழைய உரிமையாளர் சொன்னார். தண்ணீர்ப் பில்லும் ஏறுகிறது. ஒழுக்கைக் குறைத்து வைக்கலாமா?
வாசகர், குவெல்ப்

பதில்: தம்பி, கோடையில் மாற்றிய அந்தக் கன்மேல்தான் எனக்குச் சந்தேகம். நம் ஊர்க் குளிருக்கான கன்னில், விசையை அழுத்தாதபோதும் தண்ணீர் கசிய உள்ளே ஒரு சிறு துளை இருக்கும். இதை ‘வீப்’ கன் என்போம். துளை இல்லாத சாதாரணக் கன்னும் வெளிப்பார்வைக்கு அதே மாதிரித்தான். கோடையில் அவசரத்துக்கு யாரோ கையில் கிடைத்ததைப் போட்டிருக்கலாம். கழற்றி நன்றாகக் கழுவிவிட்டு, விசையைத் தொடாமல் ஒரு முனையில் ஊதிப் பாருங்கள். காற்றுப் போகாவிட்டால் ஒன்று துளையே இல்லை, அல்லது அடைத்துவிட்டது. குவெல்ப் நிலத்தடி நீரை நம்பியிருக்கும் நகரம். அந்தத் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம், துளையை அடைக்க அதுவே போதும். ஒழுக்குக்கான தண்ணீரை, சுண்ணாம்பை நீக்கும் மென்னீர்க் கருவிக்குப் பிறகு எடுக்கிறார்களா என்றும் பாருங்கள்.

கன்னைக் கழற்றியபின் ஹோஸ் நுனியை ஒரு வாளியில் விடுங்கள். தண்ணீர் நன்றாக வந்தால் பழுது கன்னில். வராவிட்டால் மோட்டார் அறைக்குப் போய், அந்த அறைக்கான ஒழுக்கு வால்வையும் தண்ணீரை ஒரு பக்கமாக மட்டும் விடும் இரண்டு செக் வால்வுகளையும் பாருங்கள். ஒன்று ஒழுக்குக் குழாயில் இருக்கும். அது பழுதானால் பம்பின் அழுத்தம் பின்னால் ஏறி, மற்ற அறைகளின் கன்னில் சவர்க்காரத் தண்ணீர் வரும், மெல்லிய பிளாஸ்டிக் குழாய் வெடிக்கவும் கூடும். மற்றது பம்பிலிருந்து தண்ணீர் வெளியேறும் இடத்தில் இருக்கும். அது கசிந்தால் தண்ணீர் கன்னுக்குப் போகாமல் பம்புக்குள் திரும்பும். பம்புக்குத் தண்ணீர் கொடுக்கும் தொட்டி இரவில் நிரம்பி வழிந்தால் இந்த வால்வைத்தான் பிடிக்க வேண்டும்.

ஒழுக்கைக் குறைக்க வேண்டாம். ஓடுகிற தண்ணீர் உறையாது என்று பலரும் சொல்வார்கள், அது பாதி உண்மைதான். நிலத்தடியிலிருந்து வரும் தண்ணீர் 10 டிகிரியை ஒட்டிய சூட்டோடு வருகிறது. அந்தச் சூடு தீருமுன் கன்னைத் தாண்டி வெளியேறிவிட வேண்டும். ஒழுக்கைக் குறைத்தால், நீளமான ஹோஸுக்குள்ளேயே சூடு தீர்ந்துவிடும். நான் கன்னுக்கு நிமிடத்துக்கு ஒரு கோப்பை, அதாவது கால் லீற்றர் வைப்பேன். நான்கு கன்னுக்கும் நாளொன்றுக்கு 1,440 லீற்றர். ஒரே கோப்பையை நான்கிலும் ஒரு நிமிடம் பிடித்துப் பார்த்தால் எது குறைவு என்று தெரிந்துவிடும்.

பில்லைக் குறைக்க வேறு வழி இருக்கிறது. ஒழுக்கைத் திறந்து மூடுவது ஒரு வெப்ப உணரி. அதை மோட்டார் அறைச் சுவருக்கு வெளியே, வெயில் படாத வடக்குப் பக்கத்தில் வைத்து, 2 டிகிரியில் திறக்கும்படி அமையுங்கள். சில இடங்களில் 7, 8 டிகிரியிலேயே திறந்து வீணாக ஓடுகிறது. உணரியின் நுனியை ஐஸும் தண்ணீரும் கலந்த கோப்பையில் வையுங்கள். வால்வு திறக்க வேண்டும்.

அப்புறம், ஒழுக்கை மின்சாரத்தால் திறந்து மூடும் சொலனாய்டு வால்வு எந்த வகை என்று இன்றே பாருங்கள். கரண்ட் போனால் தானாகத் திறப்பதாக இருக்க வேண்டும். 2013 டிசம்பர் 22 விடியும்போது உறைமழையில் ரொறன்ரோவில் ஏறத்தாழ 3 லட்சம் மின் இணைப்புகள் துண்டிக்கப்பட்டன. அந்நகரின் ஸ்காபரோப் பகுதியில் நான் பராமரித்த கார் வாஷ் ஒன்றில் கரண்ட் போனால் மூடிக்கொள்ளும் வால்வு இருந்தது. நகரத் தண்ணீர் குழாயில் நின்றும் கன்னுக்குப் போகவில்லை. ஆறு ஹோஸும் வெடித்தன. உறைந்தால் தண்ணீர் ஒன்பது சதவீதம் பருக்கும், ரப்பர் அதைத் தாங்காது. அன்றிலிருந்து வால்வுக்குப் பக்கத்தில் கையால் திறக்கும் குழாய் ஒன்றும் வைக்காமல் நான் எந்த வேலையையும் முடிப்பதில்லை.

உறைந்த ஹோஸில் பம்பைப் போட்டுப் பார்க்காதீர்கள், பனிக்கட்டி குண்டு மாதிரிப் பாயும். நெருப்பும் வேண்டாம். கழற்றிச் சூடான அறைக்குள் ஒரு மணி நேரம் போடுங்கள், போதும். ஒழுகும் தண்ணீர் வடிகாலுக்கு மேலே விழும்படி கன்னை மாட்டுங்கள். தரையில் உறைந்தால் விழுவது உங்கள் வாடிக்கையாளர்.

கேள்வி: வீட்டின் வெளிக்குழாய் சென்ற பனிக்காலம் சுவருக்குள் வெடித்தது. உறையாத வகை என்று சொல்லித்தான் விற்றார்கள்.
வாசகி, மார்க்கம்

பதில்: ஹோஸைக் கழற்றாமல் விட்டிருப்பீர்கள், அம்மா. அந்த வகைக் குழாயை மூடினால் உள்ளே மீந்த தண்ணீர் தானாக வடிந்துவிடும். ஹோஸ் மாட்டியிருந்தால் வடிய இடமில்லை. ஒக்டோபர் முடியுமுன் ஹோஸைக் கழற்றுங்கள். வீட்டுக்குள் அதற்கென வால்வு இருந்தால் அதை மூடி, வெளிக்குழாயைத் திறந்து விடுங்கள்.