கல்லாப்பெட்டியைத் திறந்து காட்டுங்கள்

வாசகர் கேள்வி, மண்டி அம்மா பதில்

(பதில் சொல்பவர் பர்மாவில், யாங்கோனில் பருப்பு மண்டி நடத்துபவர். மாமனார் காலத்துத் தொழில்.)

கேள்வி: அம்மா, மோல்மேனில் தையல் பட்டறை வைத்திருக்கிறேன். பதினோரு பேர் வேலை செய்கிறார்கள். கரண்ட் எப்போது வரும், எப்போது போகும் என்று தெரிவதில்லை. ஜெனரேட்டருக்கு டீசல் ஊற்றிக் கட்டுபடியாகவில்லை. பிள்ளைகள் தினமும் "அக்கா, பட்டறை இருக்குமா?" என்று கேட்கிறார்கள். "எல்லாம் சரியாயிடும்" என்று சொல்லி வைக்கிறேன். எனக்கே நம்பிக்கை இல்லை. ஆன்லைனில் ஒரு பயிற்சி எடுத்தேன். தலைமைக்கு ஒரு நோக்கம் வேண்டும், ஒளிவுமறைவு கூடாது என்றார்கள். உள்ளதைச் சொன்னால் எல்லோரும் ஓடிவிட மாட்டார்களா?

பதில்: அந்தப் பயிற்சிக்கு எவ்வளவு கட்டினாய் என்று கேட்க நினைத்தேன். வேண்டாம், விடு. அவர்கள் சொன்னது தப்பில்லை. எப்படிச் செய்வது என்பதைத்தான் சொல்லாமல் விட்டுவிட்டார்கள்.

என் மாமனார் எந்தப் பயிற்சியும் எடுக்காதவர். 1987 செப்டம்பர் 1 அன்றுதான் அரிசி, பருப்பு வியாபாரத்தைத் தனியாருக்குத் திறந்துவிட்டார்கள். அதுவரை மாவு அரைக்கும் கடை வைத்திருந்தவர், மாமியார் நகையை விற்று, கடன் வாங்கி, ஆறு பேரைச் சேர்த்துக்கொண்டு உளுந்தில் இறங்கினார். சரியாக ஐந்தாம் தேதி, 25, 35, 75 கியாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தார்கள். 1964இலும் 1985இலும் இதே மாதிரி நடந்தது. அப்போதாவது ஓரளவு மாற்றிக்கொள்ள முடிந்தது. இந்த முறை ஒரு காசுகூட மாற்றித் தரவில்லை. பிறகு 45, 90 என்று புது நோட்டு வந்தது. ஒன்பதால் வகுபடுகிற எண், அப்போது நாட்டை ஆண்ட பெரியவர் நே வின்னுக்கு ராசி என்று ஊரே பேசிக்கொண்டது.

நான் அப்போது 24 வயது மருமகள். மாமனார் பாதிப் பணத்துக்கு உளுந்து வாங்கியிருந்தார். மீதி, கல்லாப்பெட்டியில் 75 கியாட் கட்டுகளாகக் கிடந்தது. அவர் செய்ததை இன்றைக்கும் கண்ணால் பார்க்கிற மாதிரி இருக்கிறது. ஆறு பேரையும் உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தார். பெட்டியைத் தூக்கி வந்து நடுவில் வைத்துத் திறந்தார். கட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் அடுக்கினார். "இவ்வளவும் காகிதம். அந்த மூலையில் இருக்கிற மூட்டைதான் சொத்து. இந்த மாதம் சம்பளம் உளுந்தாகத் தருவேன். அடுத்த மாதம் எப்படி என்று எனக்குத் தெரியாது. இருபதாம் தேதி மறுபடி உட்காருவோம், அன்றைக்குச் சொல்கிறேன்" என்றார். அப்புறம் தராசை எடுத்து வீசைக் கணக்கில் நிறுத்துக் கொடுத்தார். (வீசை என்பது நம் சொல்தான். ஊர்ப்பக்கம் அது போய்விட்டது, பர்மாவில் மட்டும் இன்னும் நிற்கிறது. இங்கே ஒரு வீசை 1.63 கிலோ.)

ஆறு பேரில் இரண்டு பேர் அந்த வாரமே போய்விட்டார்கள், உண்மைதான். நாலு பேர் இருந்தார்கள். அதில் ஒருவர் எங்கள் மண்டியிலேயே கிழவரானார்.

இதையெல்லாம் கண்ணால் பார்த்த நான் 2021இல் என்ன செய்தேன் தெரியுமா? பிப்ரவரி முதல் வாரம். ராணுவம் ஆட்சியைப் பிடித்திருந்தது. எல்லோர் முகத்திலும் பயம். நான் பெரிய மனுஷி மாதிரி நின்று, "யாரும் கவலைப்படாதீங்க, சம்பளம் ஒரு நாளும் தவறாது" என்று சொன்னேன். மாதக் கடைசியில் வங்கிகள் பாதிக்கு மேல் மூடிக்கிடந்தன. ஏடிஎம் வாசலில் இருட்டோடு இருட்டாக வரிசை. கணக்கில் இருக்கிற என் பணத்தை ரொக்கமாக மாற்ற, தரகருக்குக் கமிஷன் கொடுக்க வேண்டும். பாதிச் சம்பளம்தான் கொடுக்க முடிந்தது. உளுந்து பொறுக்குகிற ஒரு பெண், என் வாயை நம்பி வீட்டுச் சொந்தக்காரரிடம் வாடகைக்குத் தேதி சொல்லியிருக்கிறாள். அவர் வாசலில் நின்று கத்திவிட்டுப் போயிருக்கிறார். அவள் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. மறுநாள் சல்லடையை எடுத்துக்கொண்டு எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். இத்தனை வருட வியாபாரத்தில் நான் பட்ட அவமானங்களில் அந்த முதுகுதான் பெரியது.

நான் சொன்னது பொய் என்றுகூடச் சொல்ல முடியாது. சொல்லும்போது நம்பித்தான் சொன்னேன். ஆனால் என் கையில் இல்லாத ஒன்றுக்கு வாக்குக் கொடுத்துவிட்டேன். நீ சொல்கிற "எல்லாம் சரியாயிடும்" என்பதும் அதே ரகம்தான்.

அதற்குப் பிறகு சனிக்கிழமை சாயந்திரம் நாலு மணிக்கு வேலையை நிறுத்திவிட்டு எல்லோரும் நிற்போம். கையில் எத்தனை மூட்டை, எவ்வளவு ரொக்கம், எத்தனை வாரச் சம்பளத்துக்குத் தாங்கும் என்று சொல்வேன். தெரியாததைத் தெரியாது என்பேன். கால் மணி நேரம் ஆகாது. டாலர் 1,330 கியாட்டில் இருந்து நாலாயிரத்தைத் தாண்டிப் போன காலத்திலும் அந்தச் சனிக்கிழமை தவறவில்லை. உன் பிள்ளைகள் தினமும் கேட்கிறார்களே, ஏன்? எப்போது சொல்வாய் என்று அவர்களுக்குத் தெரியாது. அதனால்தான். நாள் குறித்துவிட்டால் மற்ற நாட்களில் தையலைக் கவனிப்பார்கள்.

நோக்கம் என்று கேட்டாயே, அதற்கு வருகிறேன். 2017 ஆகஸ்டில் இந்தியா பருப்பு இறக்குமதிக்கு வரம்பு போட்டது. வருடத்துக்குத் துவரை இரண்டு லட்சம் டன், உளுந்தும் பாசிப்பயறும் சேர்த்து மூன்று லட்சம் டன். நம் சரக்கும் அதற்குள்தான். நம்மிடம் விளைகிற துவரையை வாங்க இந்தியாவை விட்டால் ஆள் கிடையாது. பர்மாக்காரர்கள் அதை அதிகம் தொடுவதில்லை. விலை சரிந்தது. கிட்டங்கி நிறைய மூட்டை. ராத்திரி தூக்கம் கிடையாது. (2021இல் வருடத்துக்கு உளுந்து இரண்டரை லட்சம் டன், துவரை ஒரு லட்சம் டன் என்று ஐந்து வருட ஒப்பந்தம் போட்டார்கள். எனக்கு அது நாலு வருடம் தாமதம்.)

அப்போது கணக்குப்பிள்ளை ஒரு கேள்வி கேட்டார். "அமா, நாம பருப்பு விக்கிறவங்களா, பருப்பு சுத்தம் பண்றவங்களா?" (அமா என்றால் பர்மிய மொழியில் அக்கா. நம் காதுக்கு அம்மா மாதிரி விழும்.) யோசித்துப் பார்த்தால், விலை ஏறும் என்று பதுக்கி வைப்பது எவனும் செய்கிற வேலை. கல், மண், வண்டு விழுந்தது, சுருங்கியது எல்லாம் நீக்கி ஒரே சீராகத் தருகிற கை எங்களிடம்தான் இருந்தது. காலையில் பெப்யோ விற்கிற பெண்களைப் பார்த்திருப்பாய், வேகவைத்த பட்டாணியைத் தலையில் வைத்துத் தெருத் தெருவாகப் போவார்களே. அவர்களுக்குப் பட்டாணி சுத்தம் செய்து கொடுக்க ஆரம்பித்தோம். லாபம் சொற்பம். ஆனால் யாரையும் நிறுத்தவில்லை.

உனக்கும் அதே கேள்விதான். கரண்ட் இல்லாத நேரத்தில் உன் பதினோரு பேரின் கைக்கு என்ன தெரியும்? காலால் மிதிக்கிற மெஷின் நாலு கிடைக்குமா என்று பார். கை வேலை, பொத்தான், லோஞ்சி (பர்மிய லுங்கி) ஓரம் அடிப்பது எல்லாவற்றையும் எழுது. அந்தக் காகிதத்தோடு சனிக்கிழமை நில்லு. ஓடுகிறவர்கள் ஓடட்டும். உண்மையைக் கேட்டு ஓடுகிறவரைவிட, பொய்யைக் கண்டுபிடித்துவிட்டு ஓடுகிறவர் ஊரெல்லாம் சொல்லிவிட்டுத்தான் ஓடுவார்.

கேள்வி: பெகுவில் எனக்கு ஒரு சின்ன ஒர்க்‌ஷாப். 2024 பிப்ரவரியில் ராணுவ சேவைச் சட்டத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்த பிறகு, 18 முதல் 35 வயது வரை உள்ள பையன்கள் நிலைகொள்ளாமல் தவிக்கிறார்கள். நாளைக்கே கிளம்பிப் போகிறவனுக்குத் தொழிலை முழுசாகக் கற்றுக்கொடுப்பது முட்டாள்தனம் இல்லையா?

பதில்: தம்பி, கற்றுக்கொடுங்கள். உளுந்தைப் பல்லில் கடித்து ஈரம் சொல்கிற வித்தையை ஒரு பையனுக்கு இரண்டு வருடம் சொல்லிக் கொடுத்தேன். ஒரு திங்கட்கிழமை அவன் வரவில்லை. தாய்லாந்தில் இருப்பதாகப் பிறகு கேள்விப்பட்டேன். கோபம் வந்தது, மறைக்க மாட்டேன். ஆனால் அவனுக்குச் சொல்லும்போது பக்கத்தில் நின்று கேட்ட இரண்டு பெண்கள் இன்றைக்கு அவனைவிட நன்றாகக் கடித்துப் பார்க்கிறார்கள்.

ஒன்று மட்டும் செய்யாதீர்கள். "எப்போ போகப்போறே?" என்று அந்தப் பையன்களைக் கேட்காதீர்கள். கேட்டால் அவன் உங்களிடம் பொய் சொல்லித்தான் ஆக வேண்டும். சம்பளத்தை மட்டும் மாதக் கடைசி வரை நிறுத்திவைக்காமல் வாரா வாரம் தீர்த்துவிடுங்கள்.

கேள்வி: எங்கள் தாத்தா பர்மாவில் இருந்து திரும்பி வந்தவர். நான் சென்னையில் ஒரு சின்ன கம்பெனி நடத்துகிறேன். வேலைக்காரர்கள் முன்னால் முதலாளி அழலாமா?

பதில்: 2025 மார்ச் 28 மத்தியானம் மண்டலே, சகாயிங் பக்கம் 7.7 அளவில் நிலநடுக்கம் வந்தது. இங்கே விளக்குகள் ஆடியதோடு சரி. ஆனால் எனக்கு முப்பது வருடமாகத் துவரை அனுப்புகிற குடும்பம் மண்டலேயில் இருக்கிறது. போன் போகவில்லை. மறுநாள் சாயந்திரம் சேதி வந்தது, பெரியவர் இல்லை என்று. எல்லோர் முன்னாலும் உட்கார்ந்து அழுதேன். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து மூட்டை தூக்குகிறவர் எதிர்க்கடையில் டீ வாங்கி வந்து மேசையில் வைத்தார். "அமா, லாரி நிக்குது. இறக்கலாமா?" என்று கேட்டார்.

இறக்கச் சொன்னேன்.